எங்கிருந்து ஒழுகுகிறது

பிப்ரவரி 4

தம்பிக்கு,

பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தில்தான் உறையின் பின்பக்கம் "அப்பா நன்றாக இருக்கிறார்" என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடும். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை. நவம்பரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை போக ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பஸ்ஸில் அவரால் உட்கார முடியவில்லை. அதனால் மூன்று வருடமாகப் போர்த்தி வைத்திருந்த நம் காரை வெளியே எடுத்தோம். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. பின்னால் எடுக்கும்போது மட்டும்தான் எதிர்வீட்டுக்காரர் தன் சைக்கிளை உள்ளே தூக்கி வைத்துக்கொள்கிறார்.

பிரச்சினை இதுதான். வண்டி ஆயிலை ஒழுக்குகிறது. எங்கே நிறுத்தினாலும் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். மருத்துவமனைக் காவலாளி என்னைப் பார்த்ததும் ஒரு தட்டைக் கொண்டுவந்து அடியில் வைக்கிறார். மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மேல்மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினார். இன்னொருவர் முன்பக்கத்து ஆயில் சீல் வளையத்தை மாற்றினார். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக்காரர் நல்ல மனிதர், அவர் இன்ஜினையே இறக்க வேண்டும் என்கிறார். யார் மாற்றினாலும் இரண்டு நாளில் பழையபடி ஒழுகுகிறது.

அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் வண்டியை ஓரமாக நிறுத்தி அடியில் குனிந்து பார்க்கிறேன். அது எந்தச் சாலை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இன்ஜினை உன்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்காக வேண்டாம், அப்பாவுக்காக எழுது.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அப்பாவுக்கு நவம்பரிலிருந்து இப்படி, எனக்கு பிப்ரவரியில் தெரிகிறது. கார் ஒழுகாமல் இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும்?

நான் இப்போது மெக்கானிக் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். இங்கே யாருக்கும் எனக்கு என்ன வேலை தெரியும் என்று தெரியாது. கிடங்கு வண்டி நடுவழியில் நின்றால்கூட எல்லாரோடும் சேர்ந்து தள்ளுகிறேனே தவிர பானெட்டைத் திறப்பதில்லை. நிறுத்தச் சொன்னது நீ. "நீ அந்த வண்டில கை வைக்காம இருந்திருந்தா அம்மா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பா." அம்மாவைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியே, வராண்டாவில், எல்லார் முன்னாலும் சொன்னாய்.

நான் அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் மேல்மூடியின் கேஸ்கெட்டை மாற்றினேன். வெள்ளிக்கிழமை நீங்கள் அம்மாவை மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும்போது அதே கேஸ்கெட் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. ஆயில் எல்லாம் சாலையில் போயிற்று. வண்டி நின்றது. வேறு வண்டி கிடைக்க ஐம்பது நிமிடம். மூடியில் எட்டு போல்ட். அந்த எட்டையும் மனசுக்குள் எத்தனை தடவை முடுக்கிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எது தளர்வாக இருந்தது என்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

வண்டியை விற்றுவிடு. வாடகைக் காருக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

தம்பி

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஓடும்போது காற்றில் ஆயில் பின்னால் போகும், நின்றதும் கீழே இறங்கும். நனைந்திருக்கிற இடங்களில் எது மேலே இருக்கிறதோ அங்கேதான் தொடக்கம். முதலில் இன்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தமாகக் கழுவு. நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவு. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திற. பவுடர் எங்கே முதலில் கறுத்திருக்கிறது என்று பார். யாரையும் நம்பாதே, உன் கண்ணால் பார்.


பிப்ரவரி 20

தம்பிக்கு,

வண்டியை விற்க அப்பா சம்மதிக்க மாட்டார். கேட்டுப் பார்த்துவிட்டேன். "அவ கடைசியா உக்காந்த வண்டி" என்றார்.

நீ சொன்னபடியே செய்தேன். அரை நாள் கழுவினேன். அப்பா நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கல்யாணப் பொண்ண அலங்காரம் பண்றியா?" என்று கேட்டார். பவுடர் தூவியதும் அப்படித்தான் இருந்தது. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் கடிதத்தை வண்டி மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய் வந்தபோது அது வேறு பக்கம் மடிந்திருந்தது.

ஓட்டிவிட்டு வந்து திறந்தால், ஒரு இடம் இல்லை, மூன்று இடம். மேல்மூடியின் ஓரம் சுற்றிலும் கறுத்திருக்கிறது. முன்னால் பெல்ட் ஓடும் சக்கரத்துக்குப் பின்னாலும் ஈரம். கீழே, கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் இடத்திலும் ஈரம். எது முதல் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் சேர்ந்து சதி செய்வதுபோல் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சும்மா, எல்லாப் பக்கமும் ஒழுகத்தான் செய்யும்" என்றார். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

வாடகைக் காருக்குப் பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். பணம் யார் கேட்டார்கள்? நீ கிளம்பிப் போன பிறகு இந்த வீட்டில் நானும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உன்னைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை. மூன்று வருடமாக இப்படித்தான். வராண்டாவில் நான் சொன்னதைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். வரவில்லை.

இன்னொன்று. ஆயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கிறதே, அதை நான் சரியாகக் குத்துவதில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு தடவை ஓட்டிவிட்டு வந்து பார்த்தாலும் இரண்டு விரல் மேலே எழும்பி நிற்கிறது. அதில் பூட்டு மாதிரி ஏதாவது உண்டா?

அக்கா


பிப்ரவரி 28

அக்கா,

கம்பியைப் பற்றி ஏன் கடைசியில் எழுதினாய்? அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு வாசலில் உட்கார்ந்து படித்தேன். அந்த வரி வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கூட வேலை செய்கிறவன், "என்னண்ணே, லவ் லெட்டரா?" என்றான். "ஆமா, ஒரு இன்ஜின் எழுதிருக்கு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

கம்பியில் பூட்டு எதுவும் கிடையாது. நீ சரியாகத்தான் குத்தியிருக்கிறாய். உள்ளேயிருந்து காற்று அதை மேலே தள்ளுகிறது. இன்ஜின் ஓடும்போது உள்ளே புகையும் காற்றும் சேரும். அது வெளியேற மேல்மூடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குழாய் உண்டு. அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் ஏர் ஃபில்டருக்குப் போகும். அந்த வழி அடைத்துப்போனால் காற்று எங்கெல்லாம் சந்து கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூன்று இடத்தில் ஒரே சமயம் ஒழுகினால் மூன்று இடத்திலும் தப்பு இல்லை என்று அர்த்தம். நீங்கள் எத்தனை சீல் மாற்றினாலும் இரண்டு நாள்தான் நிற்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திருப்பித் திற. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். புஸ்ஸென்று காற்று சீறினால் நான் சொன்னது சரி. பிறகு மூக்குக்கண்ணாடிக்காரரிடம் சொல்லி அந்த ஹோஸைக் கழற்றி, மேல்மூடிக் குழாய்க்குள் பார்க்கச் சொல். ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். உள்ளே பார்க்கச் சொல். என்ன இருந்தது என்று எழுது.

உன் கடிதத்தில் அப்பா கேட்கவில்லை என்று இருந்தது. ஒன்று சொல்கிறேன். வராண்டாவில் நீ சொன்னதுகூடப் பரவாயில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் தரையைப் பார்த்தாரே, அதுதான் என்னை ஊரைவிட்டு அனுப்பியது.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

ஒழுகல் நின்றுவிட்டது! நீ சொன்னதுபோலவே மூடியைத் திறந்ததும் சீறியது. குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே வெறும் அழுக்கு, அடைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. நேற்று மருத்துவமனைக்குப் போய் வந்தோம், அடியில் ஒரு சொட்டு இல்லை. காவலாளி தட்டோடு வந்து ஏமாந்து போனார். அப்பா நன்றாகத் தூங்குகிறார். உனக்கு மிகவும் நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள். கிடங்குக் குளிரில் வேலை செய்கிறாய், கம்பளி ஏதாவது போட்டுக்கொள்கிறாயா? இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 14

அக்கா,

சின்ன வயதிலிருந்தே நீ பொய் சொல்லும்போது என் உடம்பைப் பற்றி விசாரிப்பாய்.

அந்தக் குழாய் கட்டைவிரல் தடிமன். அதில் அழுக்குப் படிந்து முழுதாக அடைக்கப் பல வருடம் ஆகும். அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்மூடியைக் கழற்றியபோது குழாயை நானே கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி ஐந்து நாள் ஓடியது, மூன்று வருடம் நின்றது.

உள்ளே என்ன இருந்தது? அது எப்போதிலிருந்து இருந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் ஒரு பெட்டியைக்கூட நேராக அடுக்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 21

தம்பி,

ரப்பர் தக்கை இருந்தது.

மூக்குக்கண்ணாடிக்காரர் ஹோஸை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயின் வாய்க்குச் சரிமட்டமாக பிளேடு வைத்து அறுத்த கறுப்புத் தக்கை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். "இத எவன்மா வச்சான்? அதுக்கு மேலயே ஹோஸ மாட்டிவிட்டா எந்த மெக்கானிக்குக்குத் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அதன் அடியில் அச்சில் வார்த்த எண் இருந்தது. நம் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த எண் எதற்கு என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்பா பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மனிதர். குடுவைக்குப் போடும் தக்கை எல்லா அளவிலும் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். ஆடும் மேசைக் காலுக்குத் தக்கை, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்குத் தக்கை, தொட்டியின் ஓட்டைக்குத் தக்கை. வீட்டில் எங்கே ஓட்டை தெரிந்தாலும் நாம் இரண்டு பேரும் "அப்பா, எத்தனாம் நம்பர்?" என்று கத்துவோம்.

எப்போதிலிருந்து என்று கேட்டாய். நீ கேஸ்கெட் மாற்றிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனாய், சனிக்கிழமை வருவதாக. திங்கட்கிழமை அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனோம். வண்டிக்குள் புகை வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தும் அம்மா வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அந்தப் புற்றுநோய் மருந்து போட்ட நாளிலிருந்து அவளுக்கு எந்த வாடையும் ஆகாது, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவிடம் கத்தினேன். "தம்பி வர்ற வரைக்கும் காத்துட்டிருக்க முடியாதுப்பா. இந்த வாடைக்கு இப்பவே எதாவது பண்ணுங்க." செவ்வாய்க்கிழமை அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். வியாழக்கிழமை பக்கத்தில் ரத்தம் பரிசோதிக்கப் போய் வந்தோம். வாடையே இல்லை. அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன், விளையாட்டுக்கு. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

வாடை நின்றதற்கும் ஆயில் போனதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. காற்று வெளியேறும் குழாயைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கும்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. தக்கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வைத்தவர் அப்பா. வைக்கச் சொன்னவள் நான். பழி உன்மேல். அதையும் போட்டது நானே. அதனால்தான் அழுக்கு என்று எழுதினேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அழுக்கு என்றுதான் அவரிடமும் சொன்னேன். சொல்லட்டுமா, வேண்டாமா? நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு என்று எழுத இந்தக் கைக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுடா.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் இருந்ததெல்லாம் உனக்கு வேண்டாம். இது ஐந்தாவது.

அந்த வராண்டாவில் நம் மூன்று பேரைத் தவிர பதினோரு பேர் நின்றார்கள். நீ சொன்னதும் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், யாராவது ஒருத்தர் "அப்படிச் சொல்லாதே" என்று சொல்வார்களா என்று. அதனால்தான் எண்ணிக்கை தெரியும். பெரியப்பா மட்டும் வாயைத் திறந்தார். "இனிமே இவன எந்த வண்டிலயும் கை வைக்க விடாதீங்க" என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த ஒரு வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. மூன்று வருடம், அக்கா. என் கையைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

கோபமாகத்தான் இருக்கிறேன். இல்லை என்று எழுதினால் அது என் பங்குக்கு ஒரு அழுக்கு ஆகிவிடும்.

ஆனால் நீ ஒன்றை மறைக்காமல் எழுதியதால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் புகை வாடை ஏன் வந்தது என்று யோசித்தாயா? அந்த ஹோஸ் பழையது. மூடியைக் கழற்ற அதை உருவியபோதே மடிப்பில் ஒரு வெடிப்பு விட்டது; இன்ஜின் புகை அதன் வழியாகக் கசிந்துதான் அந்த வாடை. நான் பார்த்தேன். கையில் வேறு ஹோஸ் இல்லை. ஊருக்கு நேரமாகிவிட்டது, சனிக்கிழமை வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டுப் போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா தக்கையைத் தேடியிருக்க மாட்டார். அந்த ஹோஸ் இன்னும் அதில்தான் இருக்கும். முதல் வேலையாகப் புதிது வாங்கிப் போடச் சொல், இல்லாவிட்டால் இப்போது மறுபடியும் வாடை வரும்.

போல்ட் எட்டும் சரியாகத்தான் இருந்தன. அது போதும் எனக்கு. நேற்று கிடங்கு வண்டி நின்றது. நான் தள்ளப் போகவில்லை, பானெட்டைத் திறந்தேன்.

அப்பாவிடம் சொல்லாதே. அம்மாவுக்கு வாந்தி வரக்கூடாது என்று செய்த மனிதர். வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவரிடம் இதையும் கொடுக்காதே. நான் சுமந்து பழகிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

நீ சொன்னதைக் கேட்கிறேன் என்று எழுதிவிட்டுக் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

டயாலிசிஸ் முடிந்து திரும்பி வரும்போது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னேன். வாடை, தக்கை, நான் கத்தியது, உன் ஹோஸ், எல்லாம். அவர் வண்டியின் முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்பா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு எழுதிருக்கான்" என்றேன். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டதும்தான் அழுதார். அம்மா போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. "அன்னைக்கே நான் வாயத் தெறந்திருக்கணும். வண்டிய விட்டுத் தள்ளு. எம் பையன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கணும்" என்றார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் பயந்துபோனேன், நீ சொன்னதுதான் சரியோ என்று. பிறகு ஒரு முடிவுக்கு வந்து அவரிடம் சொன்னேன். பதினோரு பேர் முன்னால் சொன்ன வார்த்தை அது. உனக்கு மட்டும் கடிதம் எழுதித் திரும்ப வாங்க முடியாது. வாங்க வேண்டியது அவர்களிடமிருந்து. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீடாகப் போய், அன்று நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன் என்றேன். ஞாயிறு காலை நான் கிளம்பும்போது அவர் சட்டை மாற்றி, செருப்புப் போட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வண்டிய எடு. நானும் வரேன்."

முதலில் சித்தி வீடு. சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, நிக்க முடியாம நிக்கிறீங்களே" என்றாள். அப்பா, "சொல்லிட்டு உக்கார்றேன்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். "வண்டி நின்னதுக்குக் காரணம் நான். குழாய அடச்சது நான். எம் பையன் பண்ண வேல சரியா இருந்துச்சு." எனக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார். நான் அடைக்கச் சொன்னதையும், வராண்டாவில் பேசியதையும் நான் சொன்னேன். சித்தி, சித்தப்பா, அவர்கள் மகள், மூன்று பேரும் கேட்டார்கள். சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

மாமா வீட்டில் வேறு மாதிரி. மாமா சமாதானமாக, "இப்ப எதுக்கு மச்சான் அதெல்லாம்? போனது போச்சு" என்றார். அப்பா குரலை உயர்த்தியே பல மாதம் ஆகிறது. "போகல. அவன் மேலதான் இருக்கு" என்று சத்தமாகவே சொன்னார். மாமாவும் அவர் இரண்டு மகன்களும் கடைசிவரை கேட்டார்கள். மாமா உன் விலாசத்தை வாங்கிக்கொண்டார்.

அத்தையிடம் சொல்ல முடியவில்லை. அத்தை போன வருடம் போய்விட்டாள் என்று உனக்கு யாரும் எழுதவில்லை அல்லவா? நானும்தான் எழுதவில்லை. உன்னைப் பற்றி அவள் மனதில் நான் போட்டதோடேயே போய்விட்டாள். அதற்கு நான் எந்தக் காரைக் கொண்டு எங்கே போவது? அதை இப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மீதி பெரியப்பா வீடு. அங்கே நான்கு பேர். நேற்று வாசல்வரை போனோம். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். பெரியப்பா ஜன்னலில் நின்று பார்ப்பது தெரிந்தது. அப்பா இறங்கவில்லை. களைப்போ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"இங்க மட்டும் இப்படிச் சொல்லக் கூடாது. அவன் என் பக்கத்துல நிக்கணும். எங்கண்ணன் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்கணும். வண்டியத் திருப்பு" என்றார்.

திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நான்கு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அப்பாவுக்கு மருத்துவமனை. மற்ற நாள்களில் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருக்கிறார். எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா